வார்டு வேண்டாம், வீட்டிலிருந்தே வருகிறேன்

“உட்காரும்மா” என்று யார் சொன்னாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்த நாட்கள் அவை. உட்கார முடிந்தால் உட்கார மாட்டேனா? நிற்பது என்ன எனக்கு வேண்டுதலா? அந்தப் பெரிய அரசு ஆஸ்பத்திரியின் வெளிநோயாளிகள் கூடத்தில் வரிசையாகப் போட்டிருந்த இரும்பு நாற்காலிகளில் ஒன்றில்கூட நான் சேர்ந்தாற்போல் இருந்ததில்லை. எழுவேன். தண்ணீர்க் குழாய் வரை போவேன். திரும்பி வந்து, “பேர் கூப்பிட்டாங்களா?” என்று என் வீட்டுக்காரரைக் கேட்பேன். அவர் இல்லை என்று தலையாட்டுவார். மறுபடி குழாய். காலுக்குள் எறும்பு ஊர்வதுபோல் இருக்கும். மூக்கு ஒழுகும், கண் ஒழுகும், கொட்டாவி ஒன்றின் மேல் ஒன்றாக வரும். தூக்கம் மட்டும் வராது. என்ன கொட்டாவியோ!

இதையெல்லாம் எழுதி வைப்பானேன் என்று வீட்டில் கேட்டார்கள். காரணம் இருக்கிறது. நான் வேலை பார்க்கும் கார்மென்ட்ஸில் போன மாதம் ஒரு பெண் என்னிடமே வந்து, “அக்கா, இடுப்பு வலிக்கு அந்த நீல மாத்திரை போட்டா சூப்பரா இருக்குக்கா, மனசுகூட லேசா ஆயிடுது” என்றாள். அவளை உட்கார வைத்துச் சொன்னதைத்தான் இங்கேயும் சொல்கிறேன்.

எனக்கும் முதுகில்தான் தொடங்கியது. லைன் சூப்பர்வைசர் என்றால் நாள் முழுக்க நிற்க வேண்டும், நடக்க வேண்டும், கத்த வேண்டும். மழை நாளில் ஃபாக்டரி மாடிப்படியில் வழுக்கி விழுந்தேன். டிஸ்க் விலகியிருக்கிறது என்றார்கள். முதுகெலும்புக் கட்டைகளுக்கு நடுவில் மெத்தைபோல் ஒரு சவ்வு இருக்கிறதாம்; அது பிதுங்கி நரம்பை அழுத்துகிறதாம். எலும்பு டாக்டர் கொஞ்ச நாளைக்கு மட்டும் என்று நீலக் கேப்சூல் எழுதிக்கொடுத்தார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். கொஞ்ச நாளைக்கு என்று அவர் தெளிவாகத்தான் சொன்னார்.

வலி போனது. கூடவே வேறு என்னவெல்லாமோ போனது. லைனில் டார்கெட் முடியவில்லை என்று மேனேஜர் கத்தினால் அது பக்கத்து வீட்டுச் சண்டைபோல் காதில் விழும். வீட்டு வாடகை, தண்ணீர் வராத நாள், மாமியார் வீட்டுப் பேச்சு, எல்லாம் கொஞ்சம் தள்ளிப்போய் நின்றன. அந்தச் சுகத்தை நான் மறைக்கப் போவதில்லை. சுகமாக இல்லாவிட்டால் எவள் தொடர்ந்து சாப்பிடுவாள்?

மர்பி டவுனில் எங்கள் தெருமுனையில் ரமேஷின் மெடிக்கல் ஷாப். “எப்பவும் வாங்கறதுதானேக்கா?” என்று கேட்டுக்கொண்டே அட்டையைக் கத்தரித்துக் கொடுப்பான். சீட்டு கேட்டதில்லை, எங்கள் தெருவில் யாரும் சீட்டோடு போனதுமில்லை. காலையில் ஒன்று என்பது மதியமும் ஆனது. அப்புறம் டிஃபன் டப்பாவுக்குள், மெஷின் எண்ணெய் வைக்கும் அலமாரியில், புடவை மடிப்பில் என்று எங்கே பார்த்தாலும் நீலமாக ஆனது. முதுகு எப்போதோ சரியாகிவிட்டிருந்தது. நான்தான் அதைக் கவனிக்கவில்லை.

ஒரு வாரம் கடையில் சரக்கு வரவில்லை. அப்போதுதான் எனக்குக் ‘காய்ச்சல்’ வந்தது. உடம்பு முழுக்க மயிர்க்கூச்சம், வயிற்றைப் பிடித்து முறுக்கும் வலி, வாந்தி, பேதி. ஆட்டோவில் போட்டு நர்சிங் ஹோமுக்குக் கொண்டுபோனார் என் வீட்டுக்காரர் தேவராஜ். மலேரியாவா என்று ரத்தம் எடுத்தார்கள், டைபாய்டா என்று எடுத்தார்கள், குளுக்கோஸ் ஏற்றினார்கள். எல்லாம் நார்மல். பில்லைப் பார்த்ததும்தான் எங்கள் இருவருக்கும் நிஜமாகவே காய்ச்சல் வரும்போல் இருந்தது.

டியூட்டி டாக்டர் என் கண்ணில் டார்ச் அடித்துப் பார்த்தார். கண்மணி பெரிதாக விரிந்து கிடந்ததாம்.

“என்னம்மா மாத்திரை சாப்பிடறீங்க?”

“வலி மாத்திரைதான் சார்.”

“எவ்ளோ?”

பாதியாகக் குறைத்துச் சொன்னேன். அவர் மறுபடி டார்ச்சை எடுத்து என் கண்ணில் அடித்தார். சரியாகச் சொன்னேன். என் வீட்டுக்காரர் பிடித்திருந்த என் கை அவர் கையிலிருந்து நழுவியது.

அது வெறும் வலி மாத்திரை இல்லையாம். அபினி குடும்பத்து மருந்து, ஓபியாய்டு என்பார்களாம். கொஞ்ச நாளைக்கு என்றால் மருந்து. பழகிவிட்டால் உடம்பு அது இல்லாமல் ஓட மறுக்கும். நிறுத்தினால் இப்படித்தான் நடுங்கும், ஒழுகும், முறுக்கும். “இதுக்கு அடிக்‌ஷன்னு பேரும்மா” என்றார்.

“நான் என்ன குடிகாரியா சார்? காசு குடுத்து மெடிக்கல் ஷாப்புல வாங்கறேன்!” என்று கத்தினேன். பக்கத்துக் கட்டில்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். டாக்டர் சத்தமே போடாமல் வேறொரு ஆஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார்.

அந்த ஆஸ்பத்திரிக்கு எங்கள் தெருவில் ஒரே பெயர்தான். சண்டையில் யாரையாவது திட்ட வேண்டுமென்றால், “உன்ன மென்டல் ஆஸ்பத்திரிலதான் சேக்கணும்” என்பார்கள். நானே எத்தனை பேரைச் சொல்லியிருக்கிறேன்! அந்த கேட்டுக்குள் நுழையும்போது முந்தானையை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டேன். என் வீட்டுக்காரர், “தலைய மூடினாத்தான் எல்லாரும் பாப்பாங்க” என்றார். மனுஷன் அதிகம் பேச மாட்டார். பேசினால் சரியாகத்தான் இருக்கும், அதுதான் எரிச்சல்.

எனக்கு வாய்த்தவர் ஒரு லேடி டாக்டர். கன்னடக்காரர், சின்ன வயசு. நான் கன்னடத்தில் பேசினேன், அவர் எனக்காகத் தமிழில் பேசினார். இரண்டு பேருடையதும் அரைகுறை.

“கூத்கொள்ளி, உக்காருங்க” என்றார். நான் உட்காரவில்லை. ஒரு நொடி என் காலைப் பார்த்துவிட்டு அவரும் நாற்காலியை விட்டு எழுந்தார். “சரி பிடி, விடுங்க, பர்வாகில்ல. நின்னுட்டே பேசலாம்.”

அந்த ஒரு வார்த்தைக்காகவே எனக்கு அவரைப் பிடித்துப்போனது.

இரண்டு வழி இருக்கிறது என்றார். ஒன்று, வார்டில் சேருவது. சில வாரம் உள்ளேயே இருக்க வேண்டும். வீட்டு ஆள் ஒருவர் கூடவே தங்க வேண்டும். வெளியிலிருந்து ஒரு மாத்திரை உள்ளே வராது. இன்னொன்று, வீட்டிலிருந்து வந்துபோவது. நாக்குக்கு அடியில் வைக்கும் ஒரு மாத்திரை தருவார்கள். அதுவும் அதே குடும்பத்து மருந்துதான், ஆனால் ஆளைத் தூக்கிக்கொண்டு போகாது. நடுக்கத்தையும் ஆசையையும் பிடித்து வைக்கும். பிறகு மெல்ல மெல்லக் குறைத்துக்கொண்டே வருவார்கள். நீலக் கேப்சூலில் காய்ச்சல் மருந்தும் கலந்திருக்கிறது, அது கல்லீரலைக் கெடுத்திருக்கும் என்று அதற்கு ஒரு ரத்தப் பரிசோதனையும் எழுதினார்.

“என் ஒப்பீனியன், வார்டு பெட்டர்” என்றார்.

“வார்டு வேண்டாம் மேடம். வீட்லருந்தே வரேன்.”

“யாக்கே?”

ஏனா? சொல்கிறேன். வீட்டுக்காரர் பஸ் டிப்போவில் டெம்பரவரி மெக்கானிக். என்னோடு தங்கினால் திரும்பிப் போகும்போது அவர் இடத்தில் வேறு ஆள் இருப்பான். எனக்கும் அப்படித்தான், லைனை இன்னொருத்திக்குக் கொடுத்துவிடுவார்கள். இதை டாக்டரிடம் சொன்னேன். சொல்லாதது இன்னொன்று. எங்கள் தெருவில் யாராவது ஆஸ்பத்திரியில் படுத்தால் ஒருத்தர் பாக்கியில்லாமல் பார்க்க வருவார்கள். எந்த ஆஸ்பத்திரி, எந்த வார்டு என்று விசாரித்து, பிரெட்டும் ஆப்பிளும் ஹார்லிக்ஸும் வாங்கிக்கொண்டு ஒரே ஆட்டோவில் நெருக்கியடித்து வந்து இறங்குவார்கள். வராவிட்டால்தான் மரியாதை இல்லை. அவர்கள் இந்த கேட்டில் வந்து இறங்குவதை நினைத்தாலே எனக்கு உயிர் போனது.

டாக்டர் என் வீட்டுக்காரர் பக்கம் கையைக் காட்டினார். “சரி. ஆனா கேளுங்க. மாத்திரை உங்க கையில இருக்கக்கூடாது. இவர்தான் வெச்சுக்கணும், இவர்தான் குடுக்கணும். வரும்போதெல்லாம் யூரின் டெஸ்ட். வெளிய ஒந்தே ஒந்து, ஒரே ஒரு கேப்சூல் எடுத்தாலும் தெரியும். தெரிஞ்சா, அப்புறம் பேச்சு இல்ல. வார்டு.”

“சரி மேடம்.”

“வீட்ல, தெருவுல, யாருக்கெல்லாம் இது தெரியும்?”

“இவருக்கு மட்டும்.”

“அது போதாது விமலா.”

“போதும் மேடம்” என்றேன். எனக்குப் பிடிவாதம் அதிகம். அவர் பேனாவை மூடிவிட்டு, “நோடோணா, பார்க்கலாம்” என்றார்.

மருந்து தொடங்கும் நாளில் நடுங்கிக்கொண்டுதான் வர வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். உடம்பில் பழைய மாத்திரை மிச்சம் இருக்கும்போது இதைக் கொடுத்தால் நடுக்கம் ஒன்றுக்குப் பத்தாகுமாம். அப்படி ஆஸ்பத்திரியில் நின்ற நாட்களைத்தான் முதலில் சொன்னேன். அன்றைக்குப் பெயர் கூப்பிட்டதும் ஓடினேன். நர்ஸ் மாத்திரையை நாக்குக்கு அடியில் வைத்து, “விழுங்கக்கூடாது, பேசக்கூடாது” என்றார். கரையும்வரை நான் வாயை மூடிக்கொண்டு சுவரைப் பார்த்து நின்றேன். கசப்பு. என் வீட்டுக்காரர் பக்கத்தில் வந்து, “கல்யாணம் ஆனதுலருந்து இன்னிக்குத்தான் நீ இவ்ளோ நேரம் பேசாம இருக்கே” என்றார். சிரிக்கவும் முடியவில்லை, அடிக்கவும் முடியவில்லை. கொஞ்ச நேரத்தில் கொட்டாவி நின்றது. மயிர்க்கூச்சம் அடங்கியது. அழுகை மட்டும் வந்தது.

அதற்குப் பிறகு வந்த நாட்கள் எதிலும் ஒட்டாத நாட்கள். நடுக்கம் இல்லை, ஆனால் நிம்மதியும் இல்லை. அடுப்பில் குழம்பை வைத்துவிட்டு வாசலுக்குப் போவேன். வாசலிலிருந்து மாடிக்குப் போவேன். படுத்தால் கால் தானாக உதறும். விடிவதற்கு முன்பே என் வீட்டுக்காரர் எழுப்பி, அல்சூர் ஏரியைச் சுற்றி நடக்கக் கூட்டிக்கொண்டு போவார். டிப்போவில் நாளெல்லாம் பஸ்ஸுக்கு அடியில் படுத்து வேலை செய்கிற மனுஷன், தூக்கக் கலக்கத்தில் செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு என் பின்னாலேயே வருவார். மாத்திரையைச் சட்டைப்பையில் வைத்து, பையின் வாயை ஊக்கு குத்தி மூடியிருப்பார். குளிக்கப் போனால்கூடச் சட்டை உள்ளே போகும். அதைப் பார்த்து எனக்கு ஒரு நாள் கோபம் வரும், ஒரு நாள் பாவமாக இருக்கும்.

தெருவில் என்ன சொல்வது? “முதுகுக்குக் கரண்ட் வெக்கறாங்க” என்று சொன்னோம். பிசியோதெரபிக்கு எங்கள் பக்கம் அதுதான் பெயர். நல்ல பொய் என்று நினைத்தேன். எப்பேர்ப்பட்ட முட்டாள்தனம்! எங்கள் தெருவில் வலி என்று வாயைத் திறந்தால் சும்மா விடுவார்களா? ஒருத்தி நல்லெண்ணெயில் பூண்டு காய்ச்சிக் கொண்டுவந்தாள். ஒருத்தி பிளாஸ்டர் ஒட்டிவிட்டுப் போனாள். எல்லா வீட்டிலும் ஒரு மாத்திரை டப்பா இருக்கும். எப்போதோ யாருக்கோ வாங்கி மிச்சமானதெல்லாம் அதில் கிடக்கும். “எங்க வீட்டுக்காரருக்குக் கேட்டுது, நீயும் போட்டுப் பாரு” என்று உள்ளங்கையில் வைத்துப் போவார்கள். கொடுப்பது அன்பு. வாங்காவிட்டால் முறுக்கிக்கொள்வார்கள். வாங்கி, அவர்கள் தலை மறைந்ததும் சாக்கடையில் போட்டேன். அதுவரை எதுவும் நீலமாக இல்லை, அதனால் முடிந்தது.

அந்த டப்பா விஷயத்தில் தெருவுக்கே பெரிய கை என் நாத்தனார் கஸ்தூரி. என் வீட்டுக்காரரின் அக்கா; நான் அண்ணி என்று கூப்பிடுவேன். புருஷன் போன பிறகு எங்கள் வீட்டை ஒட்டிய அறையில் இருக்கிறார், ஸ்கூலில் ஆயா வேலை. வாய் பெரிது, கை அதைவிடப் பெரிது.

ஒரு சாயங்காலம் வீட்டுக்காரர் இரண்டாம் ஷிஃப்டில் இருந்தார். நான் அறைக்குள்ளே சுவருக்குச் சுவர் நடந்துகொண்டிருந்தேன். அண்ணி சுடுதண்ணீர் டம்ளரோடு வந்தார்.

“நானும் பாக்கறேன், கூண்டுல போட்டாப்புல நடந்துக்கினே இருக்கியே. கரண்டும் வேணாம் கிரண்டும் வேணாம். ரமேஷாண்ட போய் விமலா எப்பவும் எத வாங்குவான்னு கேட்டேன். இந்தா.”

முழு அட்டை. நீலம். ஸ்கூலில் அன்றுதான் சம்பளம் கொடுத்திருந்தார்கள் அவருக்கு.

கையில் வாங்கிவிட்டேன். விரல் தானாகத் தகட்டைத் தடவியது. வாயில் எச்சில் ஊறியது. டெஸ்டில் தெரியும், வார்டில் போடுவார்கள், வீட்டுக்காரர் வேலை போகும், எதுவும் மண்டையில் இல்லை. வேண்டும் என்பது மட்டும்தான் இருந்தது. இன்றைக்கும் அந்த நிமிடத்தை நினைத்தால் எனக்கு என்னைக் கண்டே பயமாக இருக்கிறது.

“போடு, என் கண்ணு முன்னாடியே போடு” என்றார் அண்ணி.

“அப்புறம் போட்டுக்கறேன் அண்ணி.”

“அப்புறம் என்ன அப்புறம்?”

“வேணாம் அண்ணி. இத எடுத்துட்டுப் போங்க.”

அவர் முகம் சுருங்கிப்போனது. “ஏன்டி? கண்டவளும் குடுத்தா வாங்கிக்கற. நான் குடுத்தா மட்டும் வேணாமா? சரிம்மா. இனிமே உன் வீட்டு வாசப்படி மிதிச்சா கேளு.” டம்ளரை அலமாரியில் ணங்கென்று வைத்துவிட்டு வெளியே நடந்தார். அட்டை என் கையிலேயே இருந்தது.

அவரைப் போகவிட்டால் என் ரகசியம் தப்பிக்கும். ஆனால் அறைக்குள் நானும் இந்த அட்டையும் மட்டும். கூப்பிட்டால் அட்டை போகும். மானமும் கூடவே போகும். அவர் செருப்பு மாட்டும் சத்தம் கேட்டது.

“அண்ணி!” என்று அலறினேன். “போவாதீங்க! நான் தின்னுடுவேன் அண்ணி!”

அவர் பதறிக்கொண்டு ஓடி வந்தார். எல்லாவற்றையும் சொன்னேன். எந்த ஆஸ்பத்திரி, எந்த மாத்திரை, சட்டைப்பை ஊக்கு எதற்கு என்று எதையும் விடாமல் சொன்னேன். அண்ணி தரையில் உட்கார்ந்து நெற்றியில் அடித்துக்கொண்டார். “ஐயோ, நானே காசு குடுத்து வாங்கியாந்தேனே, பாவி!” கொஞ்ச நேரம் அழுதார். பிறகு திடீரென்று கோபம் வந்தது. “தம்பிக்குத் தெரியும், எனக்குத் தெரியக்கூடாதா? நான் என்ன மூணாவது மனுஷியா?” அட்டையை என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு எழுந்தார். எங்கே போகிறார் என்று புரிவதற்குள் தெருமுனைக்குப் போய்விட்டிருந்தார். நான் பின்னாலேயே ஓடினேன்.

“அண்ணி, மெதுவா. அண்ணி, சத்தம் போடாதீங்க.”

அண்ணியாவது, மெதுவாவது! கடையில் சாயங்காலக் கூட்டம். அட்டையை ரமேஷின் மேஜையில் அடித்தார்.

“டேய் ரமேஷு! இந்த மாத்திரைய இனிமே எங்க விமலாக்குக் குடுத்தே, மவனே, உன் கடை ஷட்டர நானே இழுத்து மூடுவேன்!”

“அவங்கதான் கஸ்தூரிக்கா கேப்பாங்க...”

“அவ கேப்பா! கேக்கற வியாதிக்குத்தான்டா அவ ஆஸ்பத்திரி போய்க்கினு இருக்கா!”

அவ்வளவுதான். நான் பொத்திப் பொத்தி வைத்திருந்ததைத் தெரு முழுக்கக் கேட்டது. எந்த ஆஸ்பத்திரி என்பதையும் அண்ணி விட்டுவைக்கவில்லை. பூமி பிளந்து என்னை விழுங்கினால் தேவலாம் என்று நின்றேன். வீட்டுக்காரர் ஷிஃப்ட் முடிந்து வந்ததும், “என்ன வார்டுலயே போட்டுடுங்க, இந்தத் தெருவுல இனி தல காட்ட முடியாது” என்று சண்டை போட்டேன். அவர் ஊக்கைக் கழற்றி மாத்திரையை எடுத்துக் கொடுத்துவிட்டு, “மொதல்ல இத வெச்சுக்க. கரையறவரைக்கும் எனக்கு நிம்மதி” என்றார்.

மறுநாள் காலை குழாயடிக்கு நான் போனதும் பேச்சு நின்றது. ஒருத்தி என் காதுபடவே மென்டல் ஆஸ்பத்திரி என்றாள். குடத்தை நிரப்பாமலே திரும்பினேன். ஆனால் சாயங்காலம் கதவு தட்டினார்கள். திறந்தால் பக்கத்து வீட்டு அம்மாவும் எதிர்வீட்டுப் பெண்ணும், கையில் பிரெட், ஆப்பிள், ஹார்லிக்ஸ்! எந்தக் கூட்டம் வார்டுக்கு வந்துவிடும் என்று பயந்து செத்தேனோ, அதே கூட்டம் வீட்டுக்கே வந்துவிட்டது. என்ன கேட்பது என்று தெரியாமல், “ஒடம்பு பரவாயில்லியா?” என்றார்கள். “பரவாயில்லக்கா” என்றேன். குழாயடியில் வாய் விட்டவளும் அடுத்த நாள் வந்தாள், இரண்டு ஆரஞ்சோடு. நான் காபி போட்டுக் கொடுத்தேன், கொஞ்சம் முறைத்துக்கொண்டே.

அடுத்த முறை ஆஸ்பத்திரிக்கு அண்ணியும் கூட வந்தார். பயந்துகொண்டே யூரின் கொடுத்தேன். சுத்தமாக இருந்தது. லேடி டாக்டர் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு, “ஈகா, இப்போ யாருக்கெல்லாம் தெரியும்?” என்று கேட்டார்.

அண்ணி முந்திக்கொண்டு, “மர்பி டவுன் பூரா தெரியும் மேடம்” என்றார்.

டாக்டர் சிரித்த சிரிப்பில் வெளியிலிருந்த நர்ஸ் எட்டிப் பார்த்தார். “சரி விமலா. இனிமே வார்டு பத்தி நான் பேசல” என்றார்.

மாத்திரை குறைந்து குறைந்து முழுதாக நிற்க ஒரு வருடத்துக்கு மேல் ஆனது. நடுவில் எரிந்து விழுந்த நாட்களும் உண்டு, ரமேஷ் கடைப்பக்கம் போகாமல் அடுத்த தெருவைச் சுற்றிக்கொண்டு போன நாட்களும் உண்டு. ஆசை இப்போதும் எப்போதாவது தலைகாட்டும். பொய் சொல்ல மாட்டேன்.

போன வாரம் கடைவாய்ப் பல் ஒன்று உயிரை எடுத்தது. தாங்க முடியாமல் ரமேஷ் கடைக்குப் போய், “ஒரே ஒரு குரோசின் குடுடா” என்றேன்.

“கஸ்தூரிக்கா வரட்டும்க்கா.”

“குரோசின்டா! தலைவலி மாத்திரை! குழந்தைங்ககூடத் திங்கறது!”

“தெரியும்க்கா. அவங்க வரட்டும்.”

கன்னத்தைப் பிடித்துக்கொண்டு கடை வாசலில் அவனைத் திட்டித் தீர்த்தேன். மருந்து வாங்க வந்தவர்கள் சிரித்தார்களே தவிர ஒருத்தர்கூட எனக்காகப் பரிந்து பேசவில்லை. யாரோ போய்ச் சொல்லி அண்ணி வேர்க்க விறுவிறுக்க வந்தார். அட்டையை வாங்கி எழுத்துக்கூட்டிப் பெயரைப் படித்தார். திருப்பிப் பார்த்தார். ஒன்றை மட்டும் பிய்த்துத் தன் உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, கடை முன்னாலிருந்த பெஞ்சைக் காட்டினார்.

“உக்காருடி” என்றார்.

உட்கார்ந்தேன்.